கைரம்பத்துக்கெல்லாமா அனுமதி?

மேட்டுச்சக்கரம்:
அமெரிக்க நேஷனல் ஃபாரஸ்ட் (கூட்டரசின் காடு) டிரெயில்களில் சைக்கிள் ஓட்டும்போது மரம் விழுந்து கிடந்தால் "தாண்டத் தெரிந்தவன் தாண்டட்டும், தெரியாதவன் திரும்பிப் போகட்டும், மரத்தில் கை வைக்காதே" என்று இன்னொரு இழையில் ஒரு பெரியவர் உபதேசம் செய்திருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. புயல் ஓய்ந்த பிறகு போய்ப் பாருங்கள், யாரும் திரும்பிப் போவதில்லை. மரத்தைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். நாலு பேர் சுற்றினால் செடி நசுங்கி, மண் இறுகி, அங்கே ஒரு புதுத்தடம். அடுத்த மழையில் அதுவே வாய்க்கால். என் பையில் மடக்குக் கைரம்பம் இருக்கிறது. தொடையளவு மரம் என்றால் அறுத்து ஓரமாகத் தள்ளிவிட்டுப் போவேன். இதில் என்ன குற்றம்?

காட்டுவழியான்:
அந்தப் பெரியவன் நான்தான், வணக்கம். என்ன குற்றம் என்று கேட்டீர்கள், சொல்கிறேன். கூட்டரசு விதித்தொகுப்பு, 36ஆம் தலைப்பு, பிரிவு 261.10: அனுமதி இல்லாமல் டிரெயில் போடுவதும் குற்றம், பராமரிப்பதும் குற்றம். பிரிவு 261.6: அனுமதி இல்லாமல் மரத்தை வெட்டுவது குற்றம். 6 மாதம் வரை உள்ளே போகலாம். "கைரம்பம் என்றால் பரவாயில்லை" என்று எந்த வரியில் எழுதியிருக்கிறது?

மேட்டுச்சக்கரம்:
பயமுறுத்தாதீர்கள் சார். இந்தக் காடுகளை நிர்வகிக்கும் ஃபாரஸ்ட் சர்வீஸின் சான்றிதழ் விதி பேசுவது செயின்சாவையும் (மோட்டார் ரம்பம்) இரண்டு பேர் இழுக்கும் பெரிய ரம்பத்தையும். அறுக்கிறவர்களை ஏ, பி, சி என்று தரம் பிரித்திருப்பதும் அதற்குத்தான். மடக்கு ரம்பத்துக்கு யாரும் சான்றிதழ் கேட்பதில்லை.

காட்டுவழியான்:
நான் சான்றிதழ் கேட்டேனா? அனுமதி கேட்டேன். எந்த வரி?

பெடல்புலி:
இவர் எப்போதும் இப்படித்தான். எதைச் சொன்னாலும் "எந்த வரி, எந்த வரி". அண்ணா, நீங்கள் கடைசியாக எப்போது சைக்கிள் மிதித்தீர்கள்?

காட்டுவழியான்:
நேற்று. நீங்கள் யாரோ இரண்டடி அகலத்துக்கு அறுத்து வைத்த இடைவெளியில் ஹேண்டில்பார் மாட்டித்தான் விழுந்தேன். இப்போது வரும் ஹேண்டில்பார் இரண்டரை அடிக்கு மேல். அறுக்கிறவனுக்கு அதுகூடத் தெரியவில்லை. அனுமதியோடு வேலை செய்யும் குழு என்றால் டிரெயிலின் முழு அகலத்துக்கும் அறுத்திருக்கும்.

பெடல்புலி:
"நீங்கள் யாரோ" என்றால் என்ன அர்த்தம்? நான்தான் அறுத்தேன் என்கிறீர்களா?

காட்டுவழியான்:
தொப்பி பொருந்தினால் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், மேட்டுச்சக்கரத்துக்கு இன்னொன்று. இரண்டு முனையும் மேட்டில் தாங்கி நடுவில் தொங்கும் மரத்துக்கு மேல்பக்கம் இறுக்கம், அடிப்பக்கம் இழுவை. மேலிருந்தே அறுத்துக்கொண்டு போனால் வெட்டு மூடிக்கொண்டு ரம்பத்தைக் கவ்வும். வேரோடு சாய்ந்த மரம் இன்னும் மோசம். தண்டை அறுத்ததும் பாரம் விட்டுப்போய், வேர்ப்பாளம் மண்ணோடு பழைய குழியில் போய்ப் படாரென்று உட்காரும். பின்னால் நிற்பவன் கதி என்ன? வளைந்து மாட்டிக்கிடக்கும் இளமரம் வில்லாகத் தெறிக்கும். இதையெல்லாம் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டீர்களா?

மேட்டுச்சக்கரம்:
தொடையளவு என்றுதானே சொன்னேன்! வேர்ப்பாளம் எங்கே வந்தது இதில்? செயின்சாவுக்குச் சொல்ல வேண்டியதைக் கொண்டுவந்து என் கைரம்பத்தின் மேல் கொட்டுகிறீர்கள்.

காட்டுவழியான்:
ரம்பம் எதுவானாலும் மரத்துக்குப் பாரம் ஒன்றுதான். எந்த வரி என்று இன்னும் சொல்லவில்லை.

சுனைநீர்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். வில்டர்னஸ் பகுதிகளில், அதாவது இயற்கையாகவே விட்டுவைக்கச் சட்டம் போட்டுக் காக்கும் காடுகளில், செயின்சாவே கூடாதே, 1964 சட்டத்திலிருந்து. அங்கே கைரம்பத்தால்தான் அறுக்கிறார்கள். அப்படியென்றால் கைரம்பம் ஏற்கப்பட்ட கருவிதானே?

காட்டுவழியான்:
அம்மா, வில்டர்னஸில் சைக்கிளே கூடாது. போகவே முடியாத இடத்தைக் காட்டிச் சைக்கிள் டிரெயிலுக்கு நியாயம் பேசுகிறீர்கள். அங்கே அறுக்கிறவர்களும் அனுமதி வாங்கித்தான் அறுக்கிறார்கள்.

பெடல்புலி:
அந்தத் தடையே அநியாயம். 1966இல் ஃபாரஸ்ட் சர்வீஸ் எழுதிய விதி உயிரில்லாத சக்தியில், மோட்டார் மாதிரி, ஓடும் வண்டிகளைத்தான் தடுத்தது. 1984இல்தான் சைக்கிளைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் பட்டியலில் சேர்த்தார்கள். 1988இல் பசிபிக் கிரெஸ்ட் டிரெயில் என்ற நெடுந்தூர நடைபாதையையும் சைக்கிளுக்கு மூடினார்கள். மிதிக்கிறவன் என்றால் இளக்காரம்.

சுனைநீர்:
நடக்கிறவர்கள் பக்கமும் யோசியுங்கள். வளைவில் மணிகூட அடிக்காமல் வருகிறீர்கள்.

பெடல்புலி:
இரண்டு காதிலும் இயர்போன் மாட்டிக்கொண்டு நடந்தால் மணி எப்படிக் கேட்கும்?

மேட்டுச்சக்கரம்:
இழையைக் கடத்தாதீர்கள். காட்டுவழியான் சார், உங்கள் வழிப்படியே போகிறேன். ரேஞ்சர் அலுவலகத்துக்குப் படத்தோடு, இடக்குறிப்போடு எழுதினேன். பதில் வந்தது: "பதிவுசெய்துகொண்டோம்." அவ்வளவுதான். பருவமே முடிந்தது, மரம் அங்கேயேதான் கிடந்தது. சுற்றுத்தடம் மட்டும் ஜீப் போகுமளவுக்கு அகன்றுவிட்டது. இப்போது காட்டைக் கெடுத்தது யார், நானா?

காட்டுவழியான்:
அவர்களுக்கு ஆளும் இல்லை, பணமும் இல்லை. அது எனக்கும் தெரியும். அதற்குத்தான் தன்னார்வலர் ஒப்பந்தம் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுக் குழுவோடு வாருங்கள். வேலையில் அடிபட்டால் கூட்டரசின் இழப்பீட்டுக்கும் வழி உண்டு. திருட்டுத்தனமாக அறுத்துக் காலை வெட்டிக்கொண்டால் யாரும் இல்லை. நாளைக்கு ஒருவன் விழுந்து கோர்ட்டுக்குப் போனால், "சைக்கிள்காரர்கள் செய்த வேலை" என்று மொத்த டிரெயிலுக்கும் பூட்டு. கைரம்பத்தால் அறுத்தீர்களா, பல்லால் கடித்தீர்களா என்று எவனும் கேட்க மாட்டான்.

புதுப்பெடல்:
ஒரு சந்தேகம். மரத்தை அப்படியே விட்டு இரண்டு பக்கமும் சின்னக் கட்டை அடுக்கினால் ஏறி இறங்க நன்றாக இருக்குமே? அதுவும் தப்பா?

காட்டுவழியான்:
261.10ஐ இன்னொரு தடவை படியுங்கள் தம்பி. கட்டமைப்பு வைப்பதும் அதே பிரிவுதான்.

பெடல்புலி:
மூச்சு விட எந்தப் பிரிவு அண்ணா?

மேட்டுச்சக்கரம்:
குழு, குழு என்கிறீர்களே. போன வருடம் அதே குழு வேலைநாளுக்கு நான் வந்தேன். காலை முழுக்கக் கையெழுத்தும் பாதுகாப்பு உரையும். அப்புறம் என் கையில் கொடுத்தது ஒரு மண்வாரி. ரம்பத்தைத் தொட விடவில்லை.

காட்டுவழியான்:
உங்கள் கையில் ரம்பம் கொடுக்காதது நான் எடுத்த முடிவு. இப்போதும் அதே முடிவுதான்.

மேட்டுச்சக்கரம்:
ஓ, அது நீங்கள்தானா! பச்சை ஹெல்மெட்! என் கையுறையை வாங்கிப் போனவர்! இன்னும் திருப்பித் தரவில்லை.

காட்டுவழியான்:
கையுறை குழுப் பெட்டியில் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள். வரும்போது அந்த வரியையும் கொண்டு வாருங்கள்.

பெடல்புலி:
வேலைநாள் எப்போது என்று அறிவிப்பே போடுவதில்லை, இதில் வந்து எடுத்துக்கொள்ளுங்களாம்.