தன்பால் இணையர் திருமண வழக்கில் தோற்ற பிறகு ஊர்ப்பக்கம் நாம் என்ன வேலை செய்வது?

பொருநைக்கரை:
நெல்லைப் பக்கம் நாங்கள். 2023 அக்டோபர் 17 அன்று, திருமணம் அடிப்படை உரிமை அல்ல, தன்பால் திருமணத்துக்குச் சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன இரவு நானும் என் துணைவரும் சாப்பிடவே இல்லை. 2025 ஜனவரியில் மறுஆய்வு மனுக்களும் தள்ளுபடி. ஜூன் மாதம் சென்னை வானவில் பேரணிக்குப் போனால் மூச்சு விட முடிகிறது, ஆனால் மறுநாள் ஊரில் பஸ் இறங்கியதும் பக்கத்து வீட்டுக்காரருக்கு நாங்கள் வெறும் ரூம்மேட்தான். இங்கே நாலைந்து பேர் இருக்கிறோம். எதில் தொடங்கலாம்?

வக்கீல் அக்கா:
தம்பி, கையில் இருப்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். தன்பால் இணையர் கூட்டுக் கணக்கு தொடங்கவும் ஒருவரை ஒருவர் நாமினியாகப் போடவும் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் ஒன்றிய நிதி அமைச்சகம் தெளிவுபடுத்திவிட்டது. ரேஷன் அட்டைக்கும் இணையரை ஒரே குடும்பமாகக் கருதச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் போயிருக்கிறது. கவுன்டரில் இருப்பவருக்கு இது தெரிந்திருக்காது, அதனால் நகலோடு போங்கள், தனியாகப் போகாதீர்கள். அப்புறம் 2025 மே 22: பெற்றோர் அடைத்து வைத்த ஒரு பெண்ணின் வழக்கில், குடும்பம் அமைக்கத் திருமணம் மட்டுமே வழியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. நள்ளிரவில் காவல் நிலையத்துக்கு ஓட வேண்டி வந்தால் அந்தத் தீர்ப்பு உங்கள் போனில் இருக்க வேண்டும்.

டப்ளின் தமிழன்:
அயர்லாந்தில் 1993 வரை ஆண்களுக்கிடையிலான உறவே குற்றம். 2015 மே 22 வாக்கெடுப்பில் 62 சதவீதம் பேர் தன்பால் திருமணத்துக்கு ஆம் என்றார்கள். தன்னார்வலர்கள் தெருத்தெருவாகக் கதவைத் தட்டி, சட்டம் பேசாமல், சொந்தக் கதையைச் சொன்னார்கள். நம் ஊரிலும் அப்படிப் போக வேண்டும்.

கடலைமிட்டாய்:
இதில் நான் உடன்படவில்லை. அங்கே கதவைத் தட்டியவர் திரும்பிப் போக ஒரு வீடு இருந்தது. இங்கே ஒரு பெண் வெளியே சொன்னால் அடுத்த வாரமே மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள். ஓடி வருபவருக்குப் பத்து நாள் தங்க ஓர் அறை, ஒரு செல்போன், கொஞ்சம் பணம். இதைத் தயார் செய்த பிறகு கதவைத் தட்டலாம்.

ஒரு அம்மா:
என் மகன் சொன்னபோது அவனை "சரிசெய்ய" ஒரு டாக்டரிடம் இழுத்துப் போனேன். மாத்திரை கொடுத்தார், பிள்ளை ஆறு மாதம் யாரோடும் பேசவில்லை. அப்படி மாற்ற முயல்வதே மருத்துவருக்கு ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்தது எனக்குப் பிறகுதான் தெரியும். என்னை மாற்றியது தீர்ப்பு இல்லை கண்ணா, இன்னொரு அம்மா. என் வீட்டுக்கு வந்து, என் அடுப்படியில் உட்கார்ந்து, அழ விட்டுப் பேசினார். உங்களில் யாருடைய அம்மாவுக்காவது பேசத் தோன்றினால் நான் பஸ் ஏறி வருகிறேன்.

பொருநைக்கரை:
அம்மா, உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன். அக்கா, அந்த வங்கி அறிவிப்பு தமிழில் இருக்கிறதா? இல்லையென்றால் இந்த வாரமே நாங்கள் மொழிபெயர்த்துவிடுகிறோம், நீங்கள் ஒருமுறை சரிபார்த்துக் கொடுங்கள்.