கடலூர் - புதுச்சேரி பஸ்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

மஞ்சக்குப்பத்துக்காரி:
மின்சார பஸ், தாழ்தள பஸ் என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்கு அம்மாவின் கால்தான் ஞாபகம் வருகிறது. கன்னியக்கோவிலில் சொந்தக்காரர் வீட்டு விசேஷம். முழங்கால் ஆபரேஷன் ஆன அம்மாவை மஞ்சக்குப்பத்தில் ஏற்றப் பார்த்தேன். முதல் படியே அவர் முழங்கால் உயரம். பையைப் படியில் வைத்தார், கம்பியைப் பிடித்தார், காலைத் தூக்கினார், இறக்கினார். மறுபடி தூக்கினார். பின்னால் நின்ற பையன்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை. கண்டக்டர் இறங்கி வந்து கை கொடுத்தார். அம்மா பையை எடுத்துக்கொண்டு, "நீங்க கெளம்புங்கப்பா" என்று விலகிவிட்டார். அதிலிருந்து ஆட்டோதான். சென்னையில் 2025 ஜூனில் 120 மின்சார பஸ்களைத் தாழ்தளத்தோடு விட்டார்கள். தாழ்தளம் என்றால் தரையிலிருந்து 400 மி.மீ. உயரம்தான். அந்தப் படி எங்கள் ஊருக்கு எப்போது வரும்?

நெல்லிக்குப்பம்:
கண்டக்டர் இறங்கி வந்தார் என்று படித்ததும் எழுதத் தோன்றியது. புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போகிற கூட்டம் தெரியும்தானே, இருட்டு விலகும் முன்பே ஃபைலும் மஞ்சள் பையுமாக நிற்கும். அப்படி ஒரு பாட்டி கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஏறி உட்கார்ந்து, "லேடீஸ் டிக்கெட்டு ஒண்ணு குடுப்பா" என்றார். "இது டவுன் பஸ் இல்ல ஆயா, காசு குடுக்கணும்." பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்தார், எண்ணினார், திரும்பவும் முடிந்துகொண்டார். நான் தருகிறேன் என்றேன். "வேணாம் கண்ணு, திரும்பி வரவும் வேணுமே" என்று இறங்கிவிட்டார். 2021 மே மாதம் தொடங்கிய இலவசப் பயணம் என்னைப் போல தினமும் வேலைக்குப் போகிற பெண்களுக்குச் சம்பளத்தில் ஒரு பங்கு மிச்சம். அதைக் குறைவாகச் சொல்ல மாட்டேன். ஆனால் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸோடு அது நின்றுவிடுகிறது. நோயாளிக்கு வேண்டிய பஸ் வேறு.

தானே பார்த்தவன்:
இரண்டு பேரும் பஸ்ஸையே பேசுகிறீர்கள். மின்சார பஸ்ஸுக்கு மின்சாரம் எங்கிருந்து? நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்துத்தானே? என் கண்ணில் நிற்பது 2011 டிசம்பர் 30. தானே புயல் கரை கடந்த காலை, ஒரு மின்கம்பம் எதிர்வீட்டுத் திண்ணையில் தலை வைத்துப் படுத்திருந்தது. அந்த வீட்டுத் தாத்தா அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்புறம்தான் உலக வங்கிக் கடனில் கடலூர் நகரத்தில் மின்கம்பிகளை மண்ணுக்கடியில் புதைத்தார்கள். பணம் முதலில் இந்த மாதிரி வேலைக்குத்தான் போக வேண்டும்.

முள்ளோடை:
தானே பார்த்தவன் சொல்வதை ஒத்துக்கொள்ள முடியாது. நெய்வேலியிலேயே சூரிய மின்சாரமும் எடுக்கிறார்கள், தமிழ்நாட்டில் காற்றாலை இருக்கிறது, மின்சாரம் கலந்துதான் வருகிறது. டீசல் பஸ் எத்தனை வருஷம் ஓடினாலும் டீசலைத்தான் குடிக்கும்.

என் அனுபவம் சின்னது. ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு, 2024 டிசம்பர் தொடக்கத்தில், சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூர் சாலையில் பஸ் நின்றுவிட்டது. டிபன் கேரியரோடு நின்ற ஒருவர், "ரயில் இருந்தா போயிருக்கலாம்" என்றார். இருபது கிலோமீட்டர் சொச்சம் தூரத்துக்கு ரயிலில் போனால் விழுப்புரம் சுற்றித்தான் போக வேண்டும்! சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்குப் பாதை போடுவதாகப் பல வருஷமாகப் பேச்சு. சில பட்ஜெட்டுகளில் அதற்கு ஒதுக்கியது வெறும் ஆயிரம் ரூபாய்.

மஞ்சக்குப்பத்துக்காரிக்கு: அம்மா ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்கச் சொல்லுங்கள், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். உச்சி வெயிலுக்கு முன்னால் கூட்டம் குறைவாக இருக்கும், அப்போது போங்கள். பஸ் நடைமேடையை ஒட்டி நின்றால் மட்டும் ஏறுங்கள், நடுரோட்டில் நின்றால் உயரம் இன்னும் கூடும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர் கூட்டம் நடக்கும், அங்கே மனு கொடுங்கள். பஸ் வேண்டும் என்று பொதுவாக எழுதாதீர்கள். நிறுத்தத்தின் பெயர், தடம், நேரம் மூன்றும் இருக்க வேண்டும். நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மனு எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

தானே பார்த்தவன்:
அந்த வெள்ளத்தில் விழுப்புரம் பக்கத்து விக்கிரவாண்டி - முண்டியம்பாக்கம் ரயில் பாலத்தில் தண்ணீர் ஏறி ரயிலும்தான் நின்றது. பாலம் உயரமாக, உறுதியாக இல்லாவிட்டால் பஸ்ஸும் ரயிலும் ஒன்றுதான். நான் சொல்வது அதைத்தான்.

மஞ்சக்குப்பத்துக்காரி:
முள்ளோடை, கால் விஷயம் பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருக்கிறார். நான் கேட்டது படியைப் பற்றி. மனு மட்டும் நல்ல யோசனை, எழுதுகிறேன். நெல்லிக்குப்பம், அந்தப் பாட்டி ஏறிய நேரம் எது? ஜிப்மர் வரை ஒரு சாதாரணக் கட்டண பஸ், தாழ்தளத்தோடு என்று சேர்த்தே கேட்கலாம்.

நெல்லிக்குப்பம்:
காலை ஐந்தரை இருக்கும். ஓ.பி. சீட்டு வரிசைக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும், அதனால் ஐந்து மணி என்றே எழுதுங்கள். கையெழுத்துப் போட நானும் வருகிறேன்.