சான் டியேகோவில இருந்து திஹுவானாவுக்கு நடந்து போய் வாறது

கல்லடி_மகன்:
அம்மாவும் அப்பாவும் மட்டக்களப்பில இருந்து சான் டியேகோவுக்கு அக்காவைப் பார்க்கப் போறாங்க. ரெண்டு பேருக்கும் இலங்கைப் பாஸ்போர்ட், அமெரிக்க பி1/பி2 (சுற்றிப் பார்க்க வாறவங்கட) விசா. அக்காவுக்கு க்ரீன் கார்ட். காலையில நடந்து எல்லைக்கு அங்கால மெக்சிகோவின்ட திஹுவானா நகரத்துக்குப் போய்ப் பின்னேரம் திரும்பலாமா? அதுக்குத் தனி விசா எடுக்கணுமா? அப்பாவுக்கு முழங்கால் வருத்தம், நெடுநேரம் நிக்க ஏலாது.

ஆரையம்பதி:
தனி விசா வேணாம் தம்பி. செல்லுபடியான அமெரிக்க விசாவோ க்ரீன் கார்டோ இருந்தா மெக்சிகோவுக்கு அதே போதும். பாஸ்போர்ட் கையோட இருக்கணும், போட்டோகொப்பி சரிவராது.

போறது லேசு, திரும்பி வாறதுக்குத்தான் கடதாசி பார்க்கணும். விசாவில ‘என்ட்ரீஸ்’ எண்ட இடத்தில ‘எம்’ இருந்தா எத்தனை தரமும் உள்ள வரலாம். ‘1’ எண்டிருந்தா இந்தப் பயணத்தை விட்டிடுங்க. அடுத்தது ஐ-94, அதாவது அமெரிக்காவில எந்தத் திகதி வரைக்கும் இருக்கலாம் எண்ட பதிவு. இணையத்தில எடுத்து அச்சடிச்சு, அதில இருக்கிற திகதியைப் பாருங்க. மெக்சிகோ போய் வந்தா புதுசா ஆறு மாசம் கிடைக்கும் எண்டு நம்பி, கடைசி நாளில போகவே வேணாம்.

வாழைச்சேனை_77:
சான் டியேகோவில ஓடுற ட்ரொலி ரெயிலின்ட நீலப் பாதையில எல்லைப் பக்கக் கடைசித் தரிப்பிடம் சான் இசிட்ரோ. டவுனில இருந்து முக்கால் மணித்தியாலமளவில போயிடலாம். இறங்கின இடத்துக்குப் பக்கத்திலயே நடைபாதைக் கடவை. அங்கால வெளிநாட்டார் வரிசையில நிண்டு, ஒரு நாளைக்கு எண்டு சொல்லுங்க. தரைவழியா 7 நாளுக்குள்ள எண்டா கட்டணம் இல்லை. படிவம் தந்தா பத்திரமா வைச்சிருங்க.

கடைத்தெரு அவெனிடா ரெவலூசியோன். நடந்தா அரை மணித்தியாலம் வரும், அப்பாவை ஊபரில ஏத்துங்க. டாக்சி எண்டா ஏற முதலே விலை பேசுங்க.

உண்மையான கஷ்டம் திரும்புற வரிசை. சனி, ஞாயிறு பின்னேரம் மணித்தியாலக் கணக்கில நிக்கணும். கிழமை நாளில போய், மதியச் சாப்பாடு முடிஞ்ச கையோட திரும்புங்க. அக்காவின்ட க்ரீன் கார்டுக்கு ‘ரெடி லேன்’ எண்ட கெதி வரிசை இருக்கு. பி1/பி2 விசாவுக்கு அது சரிவராது, அதனால அவ அதில போனா அம்மா அப்பா தனிச்சிடுவாங்க. மூண்டு பேரும் பொது வரிசையிலயே வாங்க. அப்பாவுக்கு மடிக்கிற ஸ்டூல் ஒண்டு கட்டாயம், வரிசையில சேர முதல் டொய்லெட்டும் போயிட்டு வரட்டும். காத்திருப்பு நேரத்தை அமெரிக்க எல்லை அதிகாரிகள்ட செயலியில பார்க்கலாம்.

சம்மாந்துறை_நானா:
சாப்பாட்டில கவனம். ‘அல் பாஸ்தோர்’, ‘கார்னித்தாஸ்’ ரெண்டும் பண்டி. அவரைக்கறியிலயும் ‘மாந்தேக்கா’ எண்ட பண்டிக் கொழுப்பு சேர்க்கிறது வழக்கம், கேட்டே வாங்குங்க. மீன் ‘பெஸ்காடோ’, இறால் ‘கமரோன்’. பொரிக்கிறது மரக்கறி எண்ணெயிலயா எண்டும் கேளுங்க. வெட்டி மிளகாய்த்தூள் போட்ட மாங்காயை அங்கயே சாப்பிட்டு முடிச்சிருங்க. பையில பழம் கிடந்து, அதைச் சொல்லாம விட்டா திரும்புற இடத்தில தண்டம் கட்ட வைப்பாங்க.