லினக்ஸ் 4.18 கெர்னல், கன்டெய்னர் லோடு ஏறினால் சர்வர் உறைகிறது: பாதுகாப்பு ஓட்டையா?

கேள்வி
பலர் பகிர்ந்து பயன்படுத்தும் பழைய பில்ட் சர்வர் ஒன்று என் பொறுப்பில் இருக்கிறது. ஆளுக்கொரு கன்டெய்னர் (தனித்தனியாகப் பிரித்து வைத்த இயங்குசூழல்), ஒவ்வொன்றுக்கும் சிபியு கோட்டா, அதாவது இவ்வளவு நேரம்தான் சிபியு என்ற வரம்பு. லோடு ஏறும்போது மெஷின் அப்படியே நின்றுவிடுகிறது, எஸ்எஸ்எச் கூட வராது, பவரை அணைத்துத்தான் எழுப்ப வேண்டியிருக்கிறது. சீரியல் கன்சோலில் ஹார்ட் லாக்கப் (சிபியு ஓரிடத்தில் சிக்கி எதற்கும் பதில் தராத நிலை) என்று வருகிறது, எங்கே சிக்கியது என்று காட்டும் டிரேஸில் அப்டேட்_பிளாக்டு_ஆவரேஜஸ் என்ற கெர்னல் ஃபங்ஷன். தேடினால் சிவிஇ-2018-20784 கிடைத்தது (சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரும் பொது அடையாள எண்). ரூட் (நிர்வாகி) உரிமை இல்லாத ஒருவர் வெறும் லோடு ஏற்றியே இதைச் செய்ய முடியுமா?

பதில் 1
முடியும், அதனால்தான் அதற்கு சிவிஇ எண் இருக்கிறது. எந்த வேலைக்கு எப்போது சிபியு என்று முடிவுசெய்யும் ஷெட்யூலர், ஒவ்வொரு சிபியுவுக்கும் சிகுரூப்களின் (கன்டெய்னர் போன்றவற்றின் வேலைகளைச் சேர்த்து வைக்கும் குழுக்கள், ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும்) ரன்கியூக்களை, அதாவது ஓடக் காத்திருக்கும் வேலைகளின் வரிசைகளை, ஒரு பட்டியலில் கோர்த்து வைக்கும், பிள்ளைக் குழு முன்னால், பெற்றோர் குழு பின்னால். சிகுரூப்கள் பெருகினால் பட்டியல் முழுக்க நடப்பது வீண் வேலை என்பதால், 4.13-ல் சும்மா கிடக்கும் ரன்கியூக்களைக் கழற்றிவிட ஆரம்பித்தார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் கோட்டா தீர்ந்து த்ராட்டில் ஆன (தற்காலிகமாக நிறுத்தப்பட்ட) குரூப்பின் கிளை பாதி மட்டும் கோர்க்கப்பட்டு நிற்கும்போது அந்தக் கழற்றல் நடந்தால், அடுத்ததை எங்கே கோர்ப்பது என்று காட்டும் பாயின்டர் ஏற்கெனவே நீக்கிய இடத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். அப்புறம் பட்டியல் கெட்டு, முடிவே இல்லாத சுற்று. அந்தச் சுற்று ரன்கியூ லாக்கை (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே தொட விடும் பூட்டு) பிடித்தபடி, இன்டரப்டை (சிபியுவை இடைமறிக்கும் சைகை) அணைத்துவிட்டு ஓடுவதால் அந்த சிபியு மீளவே மீளாது, அதே லாக்குக்குக் காத்திருக்கும் மற்றவையும் மாட்டிக்கொள்ளும்.

2018 டிசம்பரில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த மாற்றத்தையே திரும்பப் பெற்றார். திருத்தம் 4.20.2-ல் இருக்கிறது.

பதில் 2
தரவு எதுவும் கசியவில்லையே, மெஷின் தொங்குகிறது, அவ்வளவுதானே? இதை பக் என்றே சொல்வேன்.

பதில் 1
ஒருவர் மட்டும் பயன்படுத்தும் லேப்டாப் என்றால் நானும் ஒத்துக்கொள்வேன். இங்கே ஒருவருடைய கன்டெய்னர் எல்லாருடைய வேலையையும் நிறுத்துகிறது. கோட்டா வைத்ததே அதைத் தடுக்கத்தான், அந்தக் கோட்டாவே இங்கே தூண்டுதலாகிறது. இதை லேசாக விடக்கூடாது.

பதில் 3
பதிப்பு எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ரெட்ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8 கூட 4.18 என்றுதான் காட்டும், ஆனால் அவர்கள் திருத்தங்களைத் தனியாகச் சேர்த்துக்கொண்டே இருப்பார்கள். உங்கள் டிஸ்ட்ரோவின் (ரெட்ஹாட் போன்ற லினக்ஸ் தொகுப்பு) சிவிஇ பக்கத்தில் தேடுங்கள். கோட்டாவை எடுத்துவிட்டுச் சமாளிக்கலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

கேட்டவர்
டிஸ்ட்ரோ கெர்னல் இல்லை, முன்பிருந்தவர் மூலத்திலிருந்து கம்பைல் செய்தது. 4.19-க்குப் போகலாமா?

பதில் 3
வேண்டாம், அதன் ஆதரவே 2024 டிசம்பரில் முடிந்துவிட்டது. 6.12-க்குப் போங்கள். கழற்றிவிடும் அந்த உத்தியும் 5.1-லேயே பட்டியல் சேர்ப்பைச் சரிசெய்துகொண்டு திரும்ப வந்துவிட்டது, அதனால் வேகத்திலும் நஷ்டமில்லை.