ஹார்ட் டிஸ்க் சுழற்சியை எப்போது நிறுத்துவது பாதுகாப்பு?

கேள்வி:
லினக்ஸ் சர்வரில் பேக்கப்புக்கென்று தனியாக ஒரு 3.5 இன்ச் டிஸ்க். இரவில் ஒரு முறைதான் வேலை. 10 நிமிடத்தில் நிற்கும்படி வைத்தால், நின்ற கொஞ்ச நேரத்திலேயே மறுபடி சுழல்கிறது. ஷட்டவுனில் 'டக்' என்று சத்தம் வேறு. கெடுதலா? எத்தனை நிமிடம் வைக்கலாம்?

பதில் 1:
சத்தத்தைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். சுழலும்போதே கரண்ட் போனால், தட்டு சுழலும் வேகத்திலிருந்தே மின்சாரம் எடுத்து ஹெட்டை (தகவலைப் படித்து எழுதும் முனை) வெடுக்கென்று ஓரத்துக்கு இழுத்துக்கொள்ளும். அது ஆபத்துக்கு உள்ள வழி, தினமும் நடக்கக் கூடாது. ஸ்மார்ட் பட்டியலில் (டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் கணக்கு) 192ஆம் எண்ணை, அதாவது இப்படி அவசரமாக ஹெட் ஒதுங்கிய எண்ணிக்கையை, ஷட்டவுனுக்கு முன்னும் பின்னும் பாருங்கள் (கம்பெனிக்குக் கம்பெனி எண்ணும் விதம் மாறும்).

சரியான வரிசை: அன்மவுண்ட் (டிஸ்க்கைச் சிஸ்டத்திலிருந்து கழற்றுவது), டிஸ்க்கின் கேஷில் (தற்காலிக நினைவகம்) உள்ளதை எழுதி முடிப்பது, ஸ்டாண்ட்பை (சுழற்சியை நிறுத்தும்) கட்டளை, அதன் பிறகே கரண்ட்டை நிறுத்துவது. ஸ்டாண்ட்பைக்குப் பிறகு ஒரேயொரு ரைட் வந்தாலும் டிஸ்க் திரும்பக் கிளம்பும், பாதி வேகத்தில் கரண்ட் போய்விடும். கெர்னல் லாகில் 'சிங்க்ரனைசிங் ஸ்கசி கேஷ்', அடுத்து 'ஸ்டாப்பிங் டிஸ்க்' வருகிறதா பாருங்கள். ரீபூட்டில் இரண்டாவது வரி தேவையில்லை. கரண்ட் போகாதபோது நிறுத்திக் கிளப்புவது வீண் தேய்மானம்.

பதில் 2:
திரும்பச் சுழல்வதற்குப் பெரும்பாலும் காரணம் ஸ்மார்ட்டி (smartd), டிஸ்க்கின் நிலையை அவ்வப்போது சோதிக்கும் பின்னணி புரோகிராம். அதன் கான்ஃபிகில் அந்த டிஸ்க்குக்கு '-என் ஸ்டாண்ட்பை' (-n standby) சேர்த்தால் தூங்கும் டிஸ்க்கை எழுப்பாது. மவுண்ட்டில் நோஏடைம் (noatime, ஃபைலைப் படித்த நேரத்தை டிஸ்க்கில் எழுதாமல் விடும் ஆப்ஷன்) போடுங்கள். அப்படியும் எழுந்தால் டிஸ்க்குக்கு வரும் வேலைகளைப் பதியும் ப்ளாக்ட்ரேஸ் (blktrace) ஓட்டினால் எந்த புராசஸ் என்று தெரிந்துவிடும்.

டிஸ்க்குக்குக் கட்டளை கொடுக்கும் ஹெச்டிபார்மில் (hdparm) டைமரை வைக்கும் பெரிய எழுத்து எஸ் (-S) மதிப்பு ஏமாற்றும். 1 முதல் 240 வரை ஒவ்வொன்றும் 5 விநாடி, ஆக 120 என்றால் 10 நிமிடம். 241இலிருந்து அரை மணிக் கணக்கு: 241 அரை மணி, 242 ஒரு மணி. 0 என்றால் டைமரே கிடையாது. உங்கள் வேலைக்கு டைமரை நம்பவே வேண்டாம். பேக்கப் ஸ்கிரிப்ட்டின் கடைசியில் அன்மவுண்ட் செய்து, சின்ன எழுத்து ஒய் (-y) ஆப்ஷனில் உடனே நிறுத்திவிடுங்கள். 242 காவலுக்கு இருக்கட்டும். பகலில் அடிக்கடி தொடும் டிஸ்க் என்றால் நிறுத்தாமலே விடுவேன். மோட்டாருக்குக் கிளம்பும்போதுதான் 12 வோல்ட்டில் கரண்ட் இழுவை அதிகம்.

பதில் 3:
ஒன்று சேர்க்கிறேன். ஸ்மார்ட் பட்டியலில் 193ஆம் எண் வேகமாக ஏறினால் அது சுழற்சி நிற்பதல்ல, ஹெட் ஒதுங்குவது. ஹெச்டிபார்மில் மின் சிக்கனத்துக்கான பெரிய எழுத்து பி (-B) மதிப்பை 128 அல்லது அதற்கு மேல் வைத்துப் பாருங்கள். 127 வரை டிஸ்க் தானாகவே நிற்கவும் அனுமதி உண்டு. யுஎஸ்பி பெட்டியில் இருந்தால் நடுவில் உள்ள சிப் இந்தக் கட்டளைகளைக் கடத்தாமல் போகலாம். அங்கே அன்மவுண்ட் செய்துவிட்டு யுடிஸ்க்ஸ்சிடிஎல் பவர்-ஆஃப் (udisksctl power-off) கட்டளை கொடுங்கள், சுழற்சி நின்ற பிறகே வயரைப் பிடுங்குங்கள்.