சிக்னலிங், சார்ஜிங்: தமிழில் எப்படிச் சொல்வது?

விரிவுரையாளர், மதுரை:
அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான செல்பேசிப் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இரண்டு சொற்களில் சிக்கி நிற்கிறேன். அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் இணைப்பகங்கள் தமக்குள் அனுப்பிக்கொள்ளும் செய்திகள் சிக்னலிங். அழைப்புக்குக் காசு கணக்காவது சார்ஜிங். பழைய குறிப்பில் இதை 'மின்னேற்றம்' என்று எழுதிவைத்திருக்கிறார்கள்! பேட்டரியைத்தானே நினைப்பார்கள்?

மொழிபெயர்ப்பாளர், கோவை:
குறிகை என்றே போடுங்கள் அம்மா. சமிக்ஞை வடசொல், வேண்டாம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்:
குறிகை இலக்கணத்துக்குப் பொருந்தாது. அறிகிறான், அறிகை, சரி. குறிக்கிறான் என்றால் குறிக்கைதானே வரும்? இருக்கை, படுக்கை எல்லாம் அப்படித்தான். தூய்மை பேசுகிறவர்கள் விகுதியில் கோட்டை விடலாமா? குறி நமக்குப் புதிதும் அன்று. காதலர் இரவில் சந்திக்கும் இடமான இரவுக்குறியில் தற்செயலாக எழுந்த ஓசையைத் தலைவன் செய்த குறி என்று நம்பித் தலைவி வந்து, ஏமாந்து திரும்புவாள். அதைத் தொல்காப்பியக் களவியல் 'அல்லகுறிப்படுதல்' என்கிறது.

தொலைத்தொடர்புப் பொறியாளர், சென்னை:
ஐயா, அந்த அல்லகுறியே இத்துறையில் பெரிய திருட்டுக்கு வழிவிட்டது. 1960களில் அமெரிக்காவில் குரல் போகும் தடத்திலேயே குறியும் போனது. 2600 ஹெர்ட்ஸ் ஒலி கேட்டால் நெடுந்தொலைவு இணைப்பகம் 'தடம் காலி' என்று எடுத்துக்கொள்ளும். அதே சுருதியில் விசிலடித்தவர்கள் காசில்லாமல் பேசித் தீர்த்தார்கள். குறிக்குத் தனித்தடம் ஒதுக்கிய எஸ்எஸ்7 போன்ற முறைகள் வந்த பிறகே அந்த ஓட்டை அடைபட்டது.

மாணவர்களுக்கு இதைவிட முக்கியம், மணி அடிக்கும்வரை ஓடுவது குறி மட்டுமே என்பது. எதிர்முனையில் எடுத்துவிட்டார்கள் என்ற செய்தி வந்த பிறகுதான் காசு ஓடும். மிஸ்டு கால் பிழைத்ததே அந்த இடைவெளியில்தான். 2019இல் மணி எத்தனை நொடி அடிக்கலாம் என்று நிறுவனங்கள் மல்லுக்கட்டின. காரணம், அழைப்பவரின் நிறுவனம் மறுநிறுவனத்துக்கு நிமிடத்துக்கு 6 பைசா தர வேண்டியிருந்தது. மணியைச் சீக்கிரம் நிறுத்தினால் அழைப்பு தவறும். அழைக்கப்பட்டவர் திருப்பி அழைப்பார். காசு முதலில் அழைத்தவரின் நிறுவனத்துக்கு வரும். கடைசியில் செல்பேசிக்கு 30 நொடி என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதித்தது.

என் வாக்கு சமிக்ஞைக்கு. படித்தவுடன் புரிகிறது. சார்ஜிங்குக்குக் 'கட்டணக் கணிப்பு' போதும்.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:
கணிப்பு என்றால் தேர்தல் முடிவை முன்கூட்டிச் சொல்வது போல் ஆகிவிடும். கணக்கீடு என்க.

மொழிபெயர்ப்பாளர், கொழும்பு:
இலங்கையில் கட்டணம் அறவிடல் என்போம். வரியும் அறவிடுவதுதான். முற்கொடுப்பனவு (பிரீபெய்டு) இணைப்பில் வலையமைப்பு வெறுமனே கணக்குப் பார்ப்பதில்லை. மீதியிலிருந்து ஒரு பங்கை ஒதுக்கி, அது தீர்ந்ததும் அடுத்த பங்கை எடுத்து, காசு முடிந்தால் அழைப்பையே துண்டிக்கிறது. கணக்கீடு என்றால் மாத முடிவில் வரும் பில்தான் நினைவுக்கு வரும்.

மொழிபெயர்ப்பாளர், கோவை:
அறவிடல் அருமையான சொல். ஆனால் மதுரை மாணவருக்கு அதற்கே ஓர் அடிக்குறிப்பு வேண்டியிருக்குமே.

விரிவுரையாளர், மதுரை:
எல்லோருக்கும் நன்றி. அச்சகத்திலிருந்து இருமுறை அழைத்துவிட்டார்கள். சமிக்ஞை என்றும் கட்டணக் கணக்கீடு என்றும் போட்டு அனுப்புகிறேன். அறவிடல் பிறைக்கோட்டில் இருக்கும்.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:
பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஆனாலும் சொல் குறிக்கைதான். அடுத்த பதிப்பின்போது மறுபடி எழுதுவேன்.