அரசு டெண்டர்ல துணி சப்ளை: உங்க அனுபவம் சொல்லுங்க

திருப்பூர் பனியன்காரர்:
ஒரு அரசு ஹாஸ்டலுக்கு டி-சர்ட் ஆர்டர் எடுத்தோம்ங்க, ஜெம் போர்ட்டல்ல (அரசு ஆபீசுங்க ஆன்லைன்ல பொருள் வாங்குற தளம்). எக்ஸ்போர்ட் பையர்கிட்ட பேச்சு வாங்கிப் பழகினவங்களுக்கு துணியெல்லாம் பெரிய விஷயமில்ல, பேப்பர்தான் ஆளக் கொல்லும். உத்யம்ங்கற சிறுதொழில் பதிவு இருந்தா இஎம்டி, அதாவது டெண்டர் முன்பணம், கட்ட வேண்டாம்பாங்க, நெசந்தான், ஆனா அதுல உற்பத்தியாளர்னு இருக்கோணும். டிரேடர்னு பதிஞ்சிருந்தா சலுகை இல்ல. பக்கத்து யூனிட்காரர் இதுலயே டெக்னிக்கல்ல, அதாவது ரேட்டுக்கு முன்னாடி பேப்பர் பாக்குற கட்டத்துல, வெளிய போயிட்டாரு, அவரு ரேட்ட தொறந்துகூட பாக்கல.

ஈரோடு தறி:
எல்-1, அதாவது இருக்கறதுலயே கம்மி ரேட்டா, வரலைன்னு உடனே கைய விட்றாதீங்க. பெரிய மில்லு எல்-1 வந்து, நம்ம ரேட்டு அதுக்கு மேல 15 சதவீதத்துக்குள்ள இருந்துச்சுன்னா, அவங்க ரேட்டுக்கே எறங்கி வரீங்களானு கேப்பாங்க, சரின்னா ஆர்டரப் பிரிச்சு 25 சதவீதம் சிறு யூனிட்டுக்கு. இது 2012 கொள்முதல் கொள்கை, மத்திய அரசு வாங்குறதுக்குத்தான். ஸ்டேட் டெண்டர்னா விதி வேற, டாக்குமெண்ட்ட முழுசா படிங்க. எறங்கறதுக்கு முன்னாடி நூல் ரேட்டையும் பாத்துக்கங்க, ஆர்டர் வாங்கி நஷ்டத்துல ஓட்டுனவங்க நெறைய பேரு.

கோவை சாமி:
எனக்கு இன்ஸ்பெக்‌ஷன்லதான் வயித்தக் கலக்குச்சு. முத்திரை போட்டு வெச்ச மாதிரி பீஸு, சீல்டு சாம்பிள், 180 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம். வந்தவரு பேல் கட்ட பிரிச்சு நடுவுல இருந்து ஒரு பீஸ உருவி, ரவுண்டு கட்டர அமுக்கித் திருப்பி, வெட்டுன வட்டத்த தராசுல வெச்சாரு. அந்த வட்டம் சதுர மீட்டர்ல நூத்துல ஒரு பங்கு, அப்ப 1.80 கிராம் நிக்கணும், 1.68ல நின்னுச்சு. விசாரிச்சா துணிய அமுக்கி சுருக்கம் எடுக்கற காம்பாக்டிங்ல அகலத்த இழுத்து விட்டிருக்காங்க, கிலோவுக்கு பீஸ் கூட வரும்னு நெனப்பு போல! அந்த லாட் மொத்தமும் திரும்பி வந்துச்சு. இப்ப கட்டிங் போறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ரோல்லயும் வெட்டி எடை போட்டுட்டுதான் மத்த வேல.

திருப்பூர் பனியன்காரர்:
பணம் எப்படிங்க வந்துச்சு? ஜெம்ல சரக்க ஏத்துக்கிட்டதா சிஆர்ஏசிங்கற சர்டிபிகேட் போட்டாத்தான் பில்லே நகருது, எங்களுக்கு அதுலயே இழுத்தடிச்சாங்க.

கோவை சாமி:
சிறு யூனிட்டுக்கு 45 நாள்ல பணம் தரலைன்னா ரிசர்வ் பேங்க் சொல்ற பேங்க் ரேட்டப் போல மூணு மடங்கு கூட்டு வட்டின்னு சட்டம் இருக்கு, அரசோட ஆன்லைன் போர்ட்டல்ல புகாரும் போடலாம். போட்டவங்கள ஆபீஸ்ல எப்படி பாக்கறாங்கங்கறதுதான் எல்லாருக்கும் பயம். நான் லெட்டர் மட்டும் போட்டேன், அந்தச் சட்டப் பிரிவ குறிப்பிட்டு. மறுவாரமே பில்லு பாஸாச்சு, வட்டிய யாரும் தரல, நானும் கேக்கல.